இடது கைப்பக்கம் ஆறு

ராம்கலி: நர்மதே ஹர்! வாங்க, வாங்க… எத்தனை மூர்த்தி?

ஓங்கார்லால்: நர்மதே ஹர், அம்மா. ரெண்டு மூர்த்தி, நானும் இவரும். ராத்திரி படுக்க ஒரு ஓரமும், கொஞ்சம் பருப்பும் ரொட்டியும்…

ராம்கலி: நேரத்தோட வந்தீங்க, இன்னும் மாவே பிசையல. மூட்டைய இறக்கி… இருங்க. இருங்க இருங்க. இந்தத் தொப்பிய நான் எங்கேயோ பார்த்திருக்கேனே.

ஓங்கார்லால்: நர்மதையச் சுத்தி வர்ற எல்லாரும் இதே தொப்பிதான்மா போட்டிருப்பாங்க. குளிருக்கு.

ராம்கலி: எல்லார் தொப்பியிலயும் காதோரம் பச்சை நூல் தையல் இருக்குமா? முந்தாநேத்து சாயங்காலம் இந்த இடத்துல உட்கார்ந்து நான் தச்சது!

துலிசந்த்: தையல் பிரியவே இல்லம்மா. நல்ல கை உங்களுக்கு.

ராம்கலி: மிளகாய் வியாபாரி! நீங்களேதான்! நேத்துக் காலைல சாப்பிட்டுட்டு, "போயிட்டு வரோம் அம்மா"ன்னு கும்பிட்டுட்டுப் போனீங்களே?

துலிசந்த்: சொன்ன சொல் தவறாம வந்துட்டோம்.

ஓங்கார்லால்: சும்மா இருங்க சம்பந்தி. அம்மா, நீங்க வேற யாரையோ… இது பீல்கேடி தாண்டி அடுத்த ஊர் சத்திரம்தானே?

ராம்கலி: இது சாவல்காட். பீல்கேடிக்கு முந்தின ஊர்.

ஓங்கார்லால்: இருக்காது.

ராம்கலி: என் ஊர் எதுன்னு எனக்குத் தெரியாதா? இருபது வருசமா இங்க வர்ற மூர்த்திங்களுக்கு ரொட்டி தட்டுறேன்!

ஓங்கார்லால்: அந்த சத்திரத்துலயும் ஒரு ராம்கலி அம்மா இருந்திருப்பாங்களோன்னு…

துலிசந்த்: அந்த ராம்கலி இவ்வளவு சத்தம் போடலயே சம்பந்தி.

ராம்கலி: ரெண்டு பேரும் அந்தக் கல்லுல உட்காருங்க. ம். இப்ப சொல்லுங்க. நேத்து எங்க படுத்தீங்க?

ஓங்கார்லால்: பீல்கேடியில. அனுமார் கோயில் மண்டபத்துல.

ராம்கலி: இன்னைக்குக் காலைல கிளம்பி?

ஓங்கார்லால்: நடந்தோம்.

ராம்கலி: அது தெரியுது. எந்தப் பக்கமா நடந்தீங்க?

ஓங்கார்லால்: பனிம்மா. நீட்டின கை தெரியல. மண்டபத்துப் படியில இறங்கினேன், ஆறு சலசலன்னுச்சு, சரி நர்மதை மைய்யா கூடவே வர்றாளேன்னு நடக்க ஆரம்பிச்சேன். சம்பந்தி பின்னாலயே வந்தார்.

ராம்கலி: பனி எத்தனை மணிக்கு விலகுச்சு?

ஓங்கார்லால்: ஒரு… ஒம்போது.

ராம்கலி: இப்ப மணி நாலு. ஒம்போதுல இருந்து நாலு வரைக்கும் ஆறு உங்களுக்கு எந்தக் கைப்பக்கம் இருந்துச்சு?

ஓங்கார்லால்: கைன்னா… தடி எந்தக் கையில வச்சிருந்தேன் சம்பந்தி?

துலிசந்த்: ரெண்டு கையிலயும் மாத்தி மாத்தி வச்சிருந்தீங்க.

ராம்கலி: பரிக்கிரமான்னா மைய்யா வலது கைப்பக்கம் இருக்கணும், கடைசி நாள் வரைக்கும் அவளைத் தாண்டக் கூடாது. பால்குடி மறக்காத குழந்தைக்கும் இந்த ரெண்டும் தெரியும். மேற்க பார்த்துப் போகவேண்டிய ஆளு, சூரியன் மூஞ்சியில அடிக்கும்போதாவது…

ஓங்கார்லால்: அடிச்சுது. இன்னைக்கு வெயில் கொஞ்சம் விவரம் இல்லாம அடிக்குதேன்னு நினைச்சேன்.

ராம்கலி: நீங்க என்ன வேலை பார்த்தேன்னு சொன்னீங்க முந்தாநேத்து?

ஓங்கார்லால்: அது எதுக்கும்மா இப்ப…

துலிசந்த்: பட்வாரி. முப்பத்தோரு வருசம். ஊர் ஊராப் போய் சங்கிலி பிடிச்சு நிலம் அளந்தவர். இது வடக்கெல்லை, இது தெற்கெல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டவர்.

ராம்கலி: இப்பல்ல தெரியுது, இந்த ஜில்லாவுல வரப்புச் சண்டை ஏன் ஓயவே மாட்டேங்குதுன்னு!

ஓங்கார்லால்: சிரிங்க, நல்லா சிரிங்க. நானே சிரிக்கலாம்னுதான் பார்க்கிறேன், கால் வலி விடல.

ராம்கலி: வழியில ஒருத்தரும் உங்களைத் தடுக்கலியா?

ஓங்கார்லால்: யாரு தடுப்பா? எதிர்ல வந்த மூர்த்திங்க எல்லாம் "நர்மதே ஹர்"னு கும்பிட்டாங்க. நாங்களும் கும்பிட்டோம். இன்னைக்கு என்னமோ கும்பிடு கூடுதலா இருக்கேன்னு மனசுக்குள்ள கொஞ்சம் பெருமையாக்கூட…

ராம்கலி: எதிர்லயா?

ஓங்கார்லால்: ஆமா.

ராம்கலி: எல்லாரும் ஒரே பக்கம் பார்த்துப் போற பாதையில எதிர்ல எப்படிய்யா ஆள் வரும்? நாலு மாசமா நடக்கிறீங்களே, இதுக்கு முன்னாடி ஒரே ஒரு மூர்த்தியாவது எதிர்ல வந்ததுண்டா?

ஓங்கார்லால்: அதை நான் அந்தக் கோணத்துல யோசிக்கல.

துலிசந்த்: மூணு மராட்டிக்காரங்க வந்தாங்கம்மா. இவரைப் பார்த்ததும் அப்படியே நின்னுட்டாங்க. இவர் நடையில அவ்வளவு உறுதி! தாங்கதான் தப்பாப் போறோமோன்னு பயந்துட்டாங்க பாவம். அதுல ஒருத்தர் திரும்பி எங்க கூடவே நடக்க ஆரம்பிச்சுட்டார். நான்தான், "இல்ல இல்ல, நீங்க வந்த வழிதான் சரி, போங்க"ன்னு அனுப்பி வச்சேன்.

ஓங்கார்லால்: இது எப்ப நடந்துச்சு?

துலிசந்த்: நீங்க முன்னாடி போயிட்டிருந்தீங்க.

ராம்கலி: அப்போ உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு!

துலிசந்த்: எனக்கு என்னம்மா தெரியும்? நான் வேடியாச் சந்தையில மிளகாய் நிறுக்கிறவன். திக்கு திசையெல்லாம் சம்பந்தி இலாகா. வேட்டி எல்லாம் சேறு… அலசிட்டு வந்துடறேன். உங்களதையும் குடுங்க சம்பந்தி.

ஓங்கார்லால்: வேண்டாம், நான் பார்த்துக்கறேன்.

துலிசந்த்: குடுங்கன்னா.

ஓங்கார்லால்: உங்க வேட்டிய நான் அலசறேன், நீங்க உட்காருங்க.

துலிசந்த்: நேத்து நீங்கதானே அலசினீங்க? இன்னைக்கு என் முறை. விடுங்க… கிழியப் போகுது…

ராம்கலி: ஆறு இடது பக்கம் ஓடினா சண்டை வரல, வேட்டிக்கு வருது! அவர்கிட்ட குடுத்துவிடுங்க பட்வாரி ஐயா. சோப்பு போடாதீங்க மிளகாய்க்காரரே, மைய்யாவுக்கு ஆகாது!

துலிசந்த்: போடமாட்டேன், போடமாட்டேன்.

ராம்கலி: …போயிட்டாரு. டீயக் குடிங்க. ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்கக் கூடாது. பொண்ணைப் பெத்தவர் மாப்பிள்ளையோட அப்பாவுக்கு வேட்டி அலசறதை நான் பார்த்திருக்கேன். மாப்பிள்ளையோட அப்பா பொண்ணைப் பெத்தவர் மூட்டையச் சுமக்கிறதை உங்ககிட்டதான் பார்க்கிறேன்.

ஓங்கார்லால்: அவருக்குத் தோள் வலி.

ராம்கலி: அவரைக் கேட்டா உங்களுக்குக் கால் வலிங்கிறார். ராத்திரி எண்ணெய் போட்டுத் தேய்ச்சு விடறார். என்ன சம்பந்திங்களோ! என் பொண்ணு வீட்டு சம்பந்திக்கு ஒரு தம்ளர் மோர் குடுத்தா, அதுல உப்பு கம்மின்னு மூணு மாசம் பேசுவாங்க.

ஓங்கார்லால்: அவர் தங்கமான மனுசன்மா. அதுதான் கஷ்டமே.

ராம்கலி: என்ன கஷ்டம்? சொல்லுங்க, டீ ஆறுது.

ஓங்கார்லால்: நான் வழி தவறலம்மா.

ராம்கலி: அது எனக்கு நீங்க வாசல்ல நின்னப்பவே தெரியும்.

ஓங்கார்லால்: படியில இறங்கினேன். மைய்யாவை வலது கைப்பக்கம் விட்டுத் திரும்பினா ஏழு நாள்ல ஓங்காரேஸ்வர். வலம் முடிஞ்சிடும். கால் அந்தப் பக்கம் போகமாட்டேன்னுச்சு. இந்தப் பனியில யாருக்குத் தெரியும்னு இந்தப் பக்கம் திருப்பிட்டேன். அறுபத்தி மூணு வயசு. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடற பையன் மாதிரி.

ராம்கலி: ஓங்காரேஸ்வர்ல என்ன இருக்கு?

ஓங்கார்லால்: எதுவும் இருக்காது, அதான். என் பையன் லோகேஷ், அவர் பொண்ணு பாயல், ரெண்டு பேரும் வருவாங்க, கூட உட்கார்ந்து பூஜை பண்ணுவாங்கன்னு அவர் நினைச்சிட்டிருக்கார். வரமாட்டாங்க. பிரியறாங்க. கோர்ட்டுல எழுதிக் குடுத்தாச்சு. ஹோலி முடிஞ்சு தேதி.

ராம்கலி: அடப் பாவமே… நீங்களுமா…

ஓங்கார்லால்: நானுமான்னா? வேற யாரு?

ராம்கலி: இல்ல… இங்க வர்ற எல்லா மூர்த்தியும் எதையாவது முழுங்கிட்டுத்தான் வருது. அதைச் சொன்னேன். அவருக்குத் தெரியாதா?

ஓங்கார்லால்: தெரியாது. கிளம்பறதுக்கு ஒரு மாசம் முன்னாடி லோகேஷ் வந்து சொன்னான். "தப்பு என்னுதுதான் அப்பா. மாமாகிட்ட நீங்களே பக்குவமாச் சொல்லுங்க. நாலு மாசம் ஆத்தங்கரையில நடக்கப் போறீங்க, நல்ல நேரம் அமையும்"னான். நானும் சரின்னுட்டேன். அதோட, மைய்யாவைச் சுத்தி முடிச்சா அவ மனசு வச்சு அதுங்களைச் சேர்த்து வைப்பாளோன்னு ஒரு… சிரிக்காதீங்க.

ராம்கலி: சிரிக்கல. நாலு மாசத்துல ஒரு நல்ல நேரமும் அமையலியா?

ஓங்கார்லால்: அமைஞ்சுது. முதல்ல சூல்பாணிக் காட்டுல சொல்லலாம்னு இருந்தேன். அங்க கொள்ளைக்காரங்க துணி வரைக்கும் உருவிட்டு அடிச்சு அனுப்புவாங்கன்னு கேள்வி. அடி வாங்கினதோட அடியா இதையும் சொல்லிடலாம், வலி தெரியாதுன்னு கணக்கு. போனா, அந்தக் காட்டு ஜனங்க பாய் விரிச்சு டீ குடுக்கிறாங்க! காலம் கெட்டுப் போச்சு.

ராம்கலி: அப்புறம்?

ஓங்கார்லால்: ஆறு கடல்ல கலக்கிற முகத்துவாரத்துல படகு ஏறினோம். நடுக்கடல்ல சொன்னா எழுந்து போக முடியாதுல்ல? "சம்பந்தி, ஒரு விஷயம்"னு வாயைத் திறந்தேன். வாந்தி. அவர் மடியிலயே. அவர் தன் துண்டால என் வாயைத் துடைச்சு விட்டார். அதுக்கப்புறம் எப்படிச் சொல்ல?

ராம்கலி: அமர்கண்டக்குல, மைய்யா பொறந்த இடத்துல?

ஓங்கார்லால்: அங்க சத்தியமே பண்ணினேன், சூரியன் சாயறதுக்குள்ள சொல்லிடறேன்னு. அன்னைக்கு ரெண்டு மணிக்கெல்லாம் மேகம் மூடிடுச்சு. சூரியன் எப்ப சாஞ்சுதுன்னே தெரியல.

ராம்கலி: சட்டம் பேசறீங்க.

ஓங்கார்லால்: பட்வாரிம்மா. சொல்லிட்டா அவர் கத்துவார்னு பயமில்ல. கத்தமாட்டார். "சரி"ம்பார். மூட்டையத் தனியா எடுத்துப்பார். அப்புறம் சந்தையில எதிர்ல பார்த்தா தலையை மட்டும் ஆட்டுவார். எனக்கு என் வீட்டுக்காரி போனப்புறம்… ராத்திரி பேச்சுக்கு அவர் ஒருத்தர்தான். சம்பந்தம் அறுந்துட்டா எந்த முகத்தை வச்சுக்கிட்டு அவர் வீட்டு வாசல்ல போய் நிப்பேன்?

ராம்கலி: அதுக்காக மைய்யாவை இடது பக்கம் விட்டு நடப்பீங்களா?

ஓங்கார்லால்: பரிக்கிரமா உடைஞ்சுடுச்சா?

ராம்கலி: ஆத்தைத் தாண்டலல்ல? உடையல. வந்த வழிய மறுபடி ஒழுங்கா நடந்துடணும். ஆனா உங்க பரிக்கிரமா நோட்டுல நான் முத்திரை வைக்கமாட்டேன். நேத்து தேதியில "புறப்பட்டார்"னு வச்சிருக்கேன். இன்னைக்கு "வந்தார்"னு வச்சா, பார்க்கிறவன் சத்திரத்துல நான் சாராயம் ஊத்தறேன்னு நினைப்பான்.

ஓங்கார்லால்: நியாயம்தான்.

ராம்கலி: இன்னொண்ணு. நீங்க அவர்கிட்ட சொல்ற வரைக்கும் ரொட்டி கிடையாது.

ஓங்கார்லால்: அம்மா! பரிக்கிரமா போறவனைப் பட்டினி போட்டா பாவம்!

ராம்கலி: அந்தப் பாவத்தை நான் பார்த்துக்கறேன். இதோ வந்துட்டார்.

துலிசந்த்: தண்ணி ஐஸ் மாதிரி இருக்கு சம்பந்தி. உங்க வேட்டியில இருந்த சேறு போயிடுச்சு, மஞ்சக் கறை மட்டும் போகல. என்ன, ரெண்டு பேரும் எழவு வீடு மாதிரி உட்கார்ந்திருக்கீங்க?

ராம்கலி: உங்க சம்பந்தி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம்.

ஓங்கார்லால்: அவசரமில்ல. நாளைக்குக்கூட…

ராம்கலி: ரொட்டி.

ஓங்கார்லால்: சம்பந்தி… இந்த ஓங்காரேஸ்வர்ல… கடைசி நாள் பூஜைக்கு…

துலிசந்த்: அதை நானே கேக்கணும்னு இருந்தேன். சின்னப் பொண்ணுங்களுக்குச் சாப்பாடு போடணுமே, ஒம்போது பேரா, பதினோரு பேரா? அல்வாவா, பாயசமா?

ஓங்கார்லால்: ஒம்போது போதும். அல்வா. ஆனா பிள்ளைங்க ரெண்டு பேரும்…

துலிசந்த்: அல்வான்னா நெய்க்கு இப்பவே ஆள் அனுப்பணும். சாவல்காட்டுல நல்ல நெய் கிடைக்குமாம்மா?

ராம்கலி: மிளகாய்க்காரரே, அவரைப் பேச விடுங்க.

துலிசந்த்: நான் எங்க தடுத்தேன்? பேசட்டுமே. இந்தக் குச்சி ஈரமா இருக்கே, புகையுது பாருங்க…

ஓங்கார்லால்: என் பையன் சரியில்ல சம்பந்தி!

துலிசந்த்: …என்ன பேச்சு இது? லோகேஷா? தங்கம்யா அவன்.

ஓங்கார்லால்: தங்கமில்ல. வீட்டுக்கு வந்தா வாயைத் திறக்கிறதில்ல. கட்டிக்கிட்டவ முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கிடையாது. என் வளர்ப்புதான். பாயல் மாதிரி ஒரு பொண்ணுக்கு…

துலிசந்த்: பாயலைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்? பிடிவாதம். ஒண்ணு நினைச்சுட்டா பிரம்மா வந்தாலும் மாத்த முடியாது. நான்தான் செல்லம் குடுத்துக் கெடுத்தேன்.

ஓங்கார்லால்: அவளைச் சொல்லாதீங்க. தப்பு லோகேஷோடது. அவனே சொன்னான்.

துலிசந்த்: தப்பு பாயலோடது. அவளே சொன்னா.

ராம்கலி: ரெண்டு பேரும் தங்கம், ரெண்டு பேர் மேலயும் தப்பு. அப்பன்களை வச்சுப் பார்த்தா அதுங்க எவ்வளவோ தேவலை.

ஓங்கார்லால்: இருங்க… சம்பந்தி… என்ன சொன்னா? பாயல் எதைச் சொன்னா?

ராம்கலி: முந்தாநேத்து நீங்க படுக்கப் போனதும் இவர் இதே அடுப்புகிட்ட உட்கார்ந்து அழுதாரு பட்வாரி ஐயா. "என் பொண்ணு பிரியறா, சம்பந்திக்குத் தெரிஞ்சா துடிச்சுப் போவாரு, எப்படிச் சொல்வேன்"னு. இன்னைக்கு நீங்க வந்து அதையே சொல்றீங்க. நான் ஒரே நோவுக்கு எத்தனை தடவை டீ போடறது?

ஓங்கார்லால்: உங்களுக்குத் தெரியுமா?

துலிசந்த்: தெரியும்.

ஓங்கார்லால்: அதான் தினம் என் காலைத் தேய்ச்சு விட்டீங்களா? இந்த மனுசன் எவ்வளவு பெரிய ஆத்மான்னு நான் நினைச்சேனே!

துலிசந்த்: நீங்க என் மூட்டையத் தூக்கினப்போ நானும் அதையேதான் நினைச்சேன். ஞானம் வந்துடுச்சு போலன்னு.

ஓங்கார்லால்: ஞானமாவது ஒண்ணாவது. குத்தம் உறுத்திச்சு. காலைல நான் பக்கம் மாத்தித் திரும்பினது…

துலிசந்த்: முதல் அடியிலயே தெரியும். ஆறு இடது காதுல கேட்டுச்சு. கூப்பிடலாம்னு வாயெடுத்தேன். அப்புறம், ஏழு நாள் ஒம்போது நாள் ஆனா என்ன நஷ்டம்னு விட்டுட்டேன்.

ஓங்கார்லால்: இன்னும் ஒண்ணும் கெட்டுப் போகல சம்பந்தி. இப்ப ரெண்டு பேருக்கும் தெரிஞ்சு போச்சு, நல்லதுதான். நேரம் இருக்கு. ஹோலி முடிஞ்சுதானே தேதி? நாளைக்கு ஒழுங்கா வலது பக்கம் நடப்போம். ஓங்காரேஸ்வர் போனதும் நேரா பஸ் பிடிச்சு இந்தூர் போய், ரெண்டையும் உட்கார வச்சு…

துலிசந்த்: தேதி முன்னாடியே வந்துடுச்சு.

ஓங்கார்லால்: எது?

துலிசந்த்: ஜட்ஜ் மாறிப் போறாராம். அதனால சீக்கிரமாக் கூப்பிட்டு விவாகரத்து குடுத்து முடிச்சுட்டார். நான்தான் பாயலைக் கூட்டிக்கிட்டுப் போனேன். லோகேஷ் வராந்தாவுல என் காலைத் தொட்டு அழுதான். "அப்பா வேண்டிக்கிட்டு நடக்கப் போறார் மாமா, நடந்து முடிக்கிற வரைக்கும் சொல்லிடாதீங்க"ன்னான். "நான் கோர்ட்டுக்கு வந்ததை நீயும் அப்பாகிட்ட சொல்லாதே"ன்னுட்டு வந்துட்டேன்.

ஓங்கார்லால்: என்னைக்கு இது?

துலிசந்த்: நடக்க ஆரம்பிக்க நாம ஆத்துல இறங்கிச் சங்கல்பம் எடுத்தோமே, அதுக்கு முந்தின நாள்.

ஓங்கார்லால்: …முந்தின நாளா.

துலிசந்த்: ம்.

ஓங்கார்லால்: எல்லாம் முடிஞ்சப்புறம் எதுக்கு என் கூடக் கிளம்பி வந்தீங்க?

துலிசந்த்: தடி வாங்கியாச்சு. தொப்பி வாங்கியாச்சு. என் குறட்டைக்கு வேற எவன் கூடப் படுப்பான்?

ராம்கலி: நான் ரொட்டியப் போடறேன்.

ஓங்கார்லால்: இருங்கம்மா. மூவாயிரம் கிலோமீட்டர்… மலை, காடு, கடல்… தினம் நூறு தடவை சம்பந்தி, சம்பந்தின்னு கூப்பிட்டுக்கிட்டு… இதுல நாம நெஜமாவே சம்பந்தியா நடந்தது எவ்வளவு தூரம்?

துலிசந்த்: ஒரு அடிகூட இல்லடா ஓங்கார்.